கேமரா வைத்த புள்ளி

எங்கள் வீட்டில் மாதக் காலண்டர் மாட்டுவது நின்று சில வருடங்கள் ஆகின்றன. டெல்லி கிட்வாய் நகரில் பழைய குவார்ட்டர்ஸை இடித்துக் கட்டிய அடுக்குமாடிக்கு நாங்கள் மாறியபோது, கான்கிரீட் சுவரில் ஆணி இறங்கவில்லை. முதல் ஆணி வளைந்தது. அடுத்தது பறந்துபோய்ச் சோபாவுக்கு அடியில் விழுந்தது. அதற்கு மேல் சுத்தியலைத் தொட என் கணவர் மறுத்துவிட்டார். காலண்டரைச் சுருட்டிப் பீரோ மேல் வைத்தோம். எனக்கோ மாதம் என்னவென்று கண்ணில் படாவிட்டால் வேலை ஓடாது. தமிழ் மாதத்தின் பெயரை எழுதி ஒரு படம் செய்து, என் மொபைலுக்கு வால்பேப்பராக வைத்துக்கொண்டேன். அது ஒரு புரட்டாசி மாதம். அதிலிருந்து ஒரு மாதமும் விட்டுப்போகவில்லை.

எனக்கு நானே சில விதிகள் போட்டுக்கொண்டேன். படம் அந்தந்த மாதத்தில் எடுத்ததாக இருக்க வேண்டும். டெல்லியில் எடுத்ததாக இருக்க வேண்டும். நானே எடுத்ததாக இருக்க வேண்டும். மாசிக்கு இலவமரத்தின் சிவப்புப் பூவும் வைகாசிக்குச் சரக்கொன்றையும் யாரும் கேட்காமலே வந்து நிற்கும். மார்கழிக்குப் பனிமூட்டம், அதில் எதை எடுத்தாலும் ஒரே படம்தான். ஆனியில்தான் திண்டாட்டம். ஒரு வருடம் ஒன்றும் அகப்படாமல், ஐ.என்.ஏ. மார்க்கெட் வாசலில் குவித்திருந்த பலாப்பழங்களை எடுத்துப் போட்டேன். மாதம் முழுக்க என் போனைப் பார்த்தவர்கள் எல்லாம் பசிக்கிறதா என்று கேட்டார்கள்.

"எல்லாரும் டயரி எழுதுவாங்க. நீ போன் கண்ணாடியில எழுதற," என்பார் என் கணவர்.

ஊர்ப் பயணக் குறிப்புகளும் பிறருடைய நாட்குறிப்புகளும் நிறையப் படித்திருக்கிறேன். அவற்றை எழுதியவர்களுக்கு இல்லாத ஒரு தொல்லை வால்பேப்பர் செய்பவருக்கு உண்டு. பக்கம் நம்முடையது அல்ல. படத்தில் என்ன இருக்கிறது என்பதைவிட, படத்தின் மேல் எது வந்து உட்காரும் என்பதுதான் முக்கியம். மேலே கடிகாரம் வரும். கீழே விரல்ரேகை வட்டம் வரும். திறந்தால் வரிசையாகச் செயலிகள். என் ஆரம்பகாலப் படம் ஒன்றில் கணவர் லோதி தோட்டத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார். மணியின் இலக்கங்கள் சரியாக அவர் முகத்தில் ஏறின. "டைம் பாக்கறியா, என் மூஞ்சிய மறைக்கறியா?" என்று கேட்டார். அதன் பிறகு மனிதர்களைப் படத்தின் கீழ்ப்பாதிக்கு இறக்கிவிட்டேன்.

மேல் விளிம்பில் கேமராவுக்காக ஒரு கறுப்பு ஓட்டை இருக்கிறதே, அதுதான் வெகுநாள் என்னைத் தொந்தரவு செய்தது. வானத்தில் எறும்பு ஊர்வதுபோல இருக்கும். ஒரு பங்குனி மாதம், வழக்கத்தை மீறி மாதத்தின் பெயரை உச்சியில் பெரிய எழுத்தில் எழுதிவிட்டேன். படத்தை வைத்துப் பார்த்தால், ஓட்டை சரியாக 'ங்' எழுத்தின் புள்ளிமேல் விழுந்திருந்தது. என் புள்ளியைக் கேமரா விழுங்கிவிட்டு, தானே புள்ளியாக நின்றது. எனக்கு வந்த மகிழ்ச்சியைச் சொல்ல அக்கம்பக்கத்தில் ஆளில்லை. கணவர் குளித்துக்கொண்டிருந்தார். கதவைத் தட்டிச் சொன்னேன். "சரி, நல்லது," என்று உள்ளிருந்து பதில் வந்தது.

அன்றே படத்திலிருந்து என் புள்ளியை அழித்துவிட்டுக் கேமராவுக்கே அந்த வேலையைக் கொடுத்தேன். அடுத்து, ஒரே ஒரு புள்ளி உள்ள சொற்களைத் தேட ஆரம்பித்தேன். பால், கண், தேன், நெல். மேல்மாடி மாமிக்கு 'ஓம்' செய்து கொடுத்தேன். மாமி அதற்கப்புறம் செல்ஃபி எடுப்பதையே விட்டுவிட்டார். ஓம்காரத்தின் புள்ளிக்குள் பார்த்து எப்படிப் பல்லைக் காட்டுவது என்றார்.

இதில் ஒரு சங்கடம் உண்டு. போனுக்குப் போன் ஓட்டையின் இடமும் அளவும் மாறும். திரையை ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் பார்க்கலாம் என்றால், ஸ்கிரீன்ஷாட்டில் ஓட்டை விழாது. அது கண்ணாடியில் இருப்பது, படத்தில் இருப்பதில்லை. ஆகவே பட்டர் பேப்பரை அந்தந்தப் போனின்மேல் விரித்து, பென்சிலால் விளிம்பையும் ஓட்டையையும் வரைந்து எடுத்துக்கொள்வேன். பிறகு கம்ப்யூட்டரில் அந்த அளவுக்கு எழுத்தை நகர்த்துவேன். சொந்தக்காரர் தன் போனில் வைத்தால்தான் சொல் முழுதாகும்.

இப்போது சொல்லவந்த விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் அலுவலகத்தில் என் செக்‌ஷனுக்குத் தூத்துக்குடி மாவட்டத்திலிருந்து தேர்வெழுதி வந்த ஓர் இளைஞன் இருக்கிறான். நான் பார்த்தவரையில் அவனைப்போல் கோப்பில் குறிப்பு எழுதுபவர் குறைவு. எந்தச் சிக்கலையும் எட்டு வரிக்குள் எழுதிவிடுவான். வாயைத் திறந்து பேசச் சொன்னால் மட்டும் முதல் வரியே வராது.

எங்கள் பிளாக்கில் மூன்றாவது மாடியில் நாகர்கோவில் பக்கத்துக் குடும்பம் ஒன்று. அம்மா அரசு மருத்துவமனையில் நர்ஸ், அப்பா ராணுவத்தில். மகளும் நர்ஸ். அவள் பிறந்தது, படித்தது, வேலைக்குச் சேர்ந்தது எல்லாம் டெல்லியில். அந்தப் பெண்ணும் இந்தப் பையனும் ஒரே சர்ச்சில், ஊர்ப் பேச்சில் கோயிலில், தமிழ் ஆராதனைக்குப் போகிறவர்கள். பாடகர் குழுவிலும் இருவரும் இருந்தார்கள். அவள் தமிழ்ப் பாட்டுகளை இந்தி எழுத்தில் எழுதிவைத்துப் பாடுவாள். அவன் ஒருநாள் எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டானாம். அதற்கப்புறம்தான் அவள் போனில் ஏதோ செயலியை இறக்கித் தமிழ் எழுத்துப் படிக்க ஆரம்பித்தாள்.

கார்த்திகை பிறந்த வாரம் அவள் புதுப் போன் வாங்கினாள். அந்தச் சனிக்கிழமையே என் வீட்டுக்கு வந்தாள். அவள் பேசும் தமிழில் பாதி இந்தி.

"ஆன்ட்டி, எனக்கும் ஒண்ணு பனாய்ச்சுத் தாங்க நா. மாமிக்குப் பண்ணீங்கல்ல, அந்த மாதிரி. கேமராலயே புள்ளி வர்ற மாதிரி."

"என்ன வார்த்தை வேணும்?"

"எதாச்சும். மத்லப், தமிழ்ல இருக்கணும். சின்னதா இருக்கணும். நான் வாசிக்கணும்ல."

அவசரத்தில் போனை அளந்துகொள்ளாமல் அவளை அனுப்பிவிட்டேன். திங்கள்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில் இதைச் செக்‌ஷனில் சொல்லி, "அவ போன் என்ன மாடலோ தெரியலையே," என்றேன். பக்கத்து மேசையில் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் மாடலின் பெயரையும் எண்ணையும் நிறத்தையும் சொன்னான்.

நான் அவனைப் பார்த்தேன். அவன் தயிர்சாதத்தைப் பார்த்தான்.

"நிறத்தை நான் கேக்கலையே தம்பி," என்றேன்.

மாலையில் மெட்ரோ வரை கூட நடந்தபோது எல்லாம் வெளியே வந்தது. அவளிடம் கேட்க வேண்டும் என்று ஈஸ்டரிலிருந்து நினைத்துக்கொண்டிருக்கிறான். இப்போது நாள் நெருங்கிவிட்டது. கிறிஸ்துமஸுக்கு லீவு போட்டு ஊருக்குப் போனால், உடன்குடிப் பக்கம் ஒரு டீச்சர் பெண்ணைப் பார்க்க அழைத்துப் போவார்கள். பெண் வீட்டுக்குப் போய்க் காப்பி குடித்துவிட்டு வேண்டாம் என்று சொல்கிற வழக்கம் அவன் குடும்பத்தில் இல்லை. அதற்குள் இவளிடம் கேட்டு, இவள் சரி என்று சொன்னால், வீட்டில் பேசலாம். இவள் வேண்டாம் என்றால் உடன்குடிதான்.

"கேட்டுர வேண்டியதுதானே?"

"வாய் வரமாட்டேங்கு மேடம். கோயில்ல அவங்க பக்கத்துல நின்னா பாட்டே மறந்துருது. அந்த வால்பேப்பர் வார்த்தைய நான் சொல்லட்டுமா? அத வச்சு ஒரு பேச்சு ஆரம்பிச்சுருவேன்."

என்ன வார்த்தை என்று கேட்டதும் 'அன்புடன்' என்றான். அதில் புள்ளி இரண்டு, ஓட்டை ஒன்று. 'நினைவுகள்' என்றான். புள்ளி கடைசியில் இருக்கிறது, எழுத்து ஐந்து. அவள் வாசித்து முடிப்பதற்குள் திரை அணைந்துவிடும் என்றேன். சட்டென்று தன் போனைத் திறந்து ஒரு படத்தைக் காட்டினான். அவன் ஊர்த் தேரிக்காடு. செங்கல்லைப் பொடித்துக் கொட்டியதுபோலச் சிவப்பாக மணல்மேடு, வலது ஓரத்தில் சாய்ந்து ஒரு பனை. எனக்கு உடனே பிடித்துவிட்டது. அந்தச் சிவப்பில் வெள்ளை எழுத்தும் கடிகாரமும் பளிச்சென்று நிற்கும்.

"அப்போ 'மண்'ணுன்னே போட்டுருங்க மேடம். ரெண்டே எழுத்து, ஒரே புள்ளி. இது என்ன மண்ணுன்னு அவங்க கேப்பாங்க. எங்க ஊருன்னு சொல்லுவேன். இப்படிச் சிவப்பா இருக்குமான்னு கேப்பாங்க. ஒரு தடவ வந்து பாக்கீங்களான்னு கேப்பேன். எதுக்குன்னு கேப்பாங்க. அப்போ சொல்லிருவேன்."

கோப்பு மூன்று மேசை தாண்டிப் போய்க் கையெழுத்தாகி வருவதுபோல ஒரு திட்டம். அவனால் முடிந்தது அதுதான் என்று விட்டுவிட்டேன்.

அளவு எடுக்கும் வேலையையும் அவனிடமே கொடுத்தேன். அவளிடமே போனைக் கேட்டு வாங்க வெட்கம். பட்டர் பேப்பரோடு சவுத் எக்ஸ் கடைத்தெருவில் ஒரு போன் கடைக்குப் போய்விட்டான். மறுநாள் சுருட்டிய காகிதத்தை என் மேசையில் வைத்துக்கொண்டே சொன்னான்:

"கடைக்காரன் பாத்துட்டான் மேடம். 'என்ன அளக்கீங்க பாய் சாப்?'ன்னு கேக்கான். கேமரா ஓட்டையன்னேன். 'வாங்குறீங்களா?'ன்னான். போன் வேண்டாம், ஓட்டை மட்டும் போதும்னு சொல்லிட்டு வந்துட்டேன். காவலாளி கதவு வரைக்கும் கூடவே வந்தான்."

அந்த வாரம் சாயங்காலங்களில் படத்தைச் செய்தேன். 'ண' எழுத்தின் தலைக்கு நேர்மேலே ஓட்டை வர வேண்டும். ஆகவே 'ம' இடப்பக்கம் போனது. வலப்பக்கம் வெறுமையாக இருக்காமல் பனைமரம் காத்தது. எழுத்தைச் சற்றுப் பெரிதாக்கினேன், பிறகு சிறிதாக்கினேன். படத்தை வைக்கும்போது போன் தானாகவே கொஞ்சம் பெரிதாக்கிவிடும். அதற்கும் இடம் விட்டேன். என் கணவர் தேநீரோடு வந்து பின்னால் நின்றார்.

"என்ன, 'மண'ன்னு பாதியில நிக்குது? மணமேடையா, மணமகளா?"

"மண்ணு. புள்ளிய அவ போன் வைக்கும்."

"அவ போன் வைக்கலைன்னா?"

"தேநீர வச்சுட்டுப் போங்க."

வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கி மங்கிவிடும் என்பதால் கோப்பாக அனுப்பினேன். யார் எடுத்த படம், யார் சொன்ன வார்த்தை என்பதையும் ஒரு வரி எழுதினேன். எனக்கு எதையும் மூலம் குறிப்பிடாமல் அனுப்பிப் பழக்கமில்லை. சிறிது நேரத்தில் இரண்டு நீலக்கோடு விழுந்தது. பதில் இல்லை.

மறுநாளும் இல்லை. அந்த வாரம் பாடகர் குழுவின் கிறிஸ்துமஸ் பயிற்சிக்கு அவள் வரவில்லை. லிஃப்ட்டில் மேலே போய்க்கொண்டிருந்தவள், என் மாடியில் கதவு திறந்து என்னைப் பார்த்ததும், "அச்சா ஆன்ட்டி, டியூட்டி இருக்கு," என்று சொல்லிவிட்டுப் படியில் இறங்கிப் போனாள். மேலே போக வேண்டியவள் கீழே இறங்கினாள் என்பதை நான் கவனித்தேன்.

செக்‌ஷனில் பையன் சோர்ந்துபோனான்.

"தப்பா எடுத்துக்கிட்டாங்க மேடம்."

"மண்ணைப் போய் யாரு தப்பா எடுத்துப்பாங்க?"

"என்ன மேடம் இப்படிச் சொல்லுதீங்க? தமிழ்ல மண்ணுன்னா நல்ல வார்த்தையா? மண்ணாங்கட்டிங்கோம். தலையில மண்ணள்ளிப் போட்டுட்டான்ங்கோம். மண்ணு மாதிரி நிக்கான்னு எங்க அப்பா என்னையே சொல்லுவாரு. அவங்க அம்மாகிட்ட அர்த்தம் கேட்டிருப்பாங்க. அவங்க என்னத்தச் சொன்னாங்களோ."

நான் அதுவரை அந்தப் பக்கத்தை நினைத்துப் பார்க்கவே இல்லை. நினைத்துப் பார்த்ததும் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். அவன் மேசைக் காலண்டரில் லீவு தொடங்கும் நாளைச் சுற்றி வட்டமிட்டிருந்தான். வட்டத்தின் மேலேயே திரும்பத் திரும்பப் பேனாவை ஓட்டிக் காகிதம் கிழிகிற நிலையில் இருந்தது.

அதற்கு ஒரு வழி செய்தேன். அவள் அம்மா கிறிஸ்துமஸ் பலகாரத்துக்கு வேண்டியதை வாங்க, டிசம்பரின் முதல் சனிக்கிழமை ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குப் போவார். ஒவ்வொரு வருடமும் அப்படித்தான். எனக்கு இப்படிப்பட்ட விஷயங்கள் மறக்காது. மகளைப் பை தூக்க அழைத்துவருவார். பையனிடம், "எனக்கும் பை தூக்க ஆள் வேணும், காலையில வந்துடு," என்று மட்டும் சொன்னேன்.

நம் ஊர் மளிகை விற்கும் கடையில் அவர்களைப் பார்த்தோம். அவள் அம்மா அச்சு முறுக்குக்கு அரிசி மாவும், உளுந்தும், நல்லெண்ணெயும் எடுத்து வைத்துவிட்டு, மீன் பார்த்துவிட்டு வருகிறேன் என்று உள்பக்கம் போனார். பையனை நான் கறிவேப்பிலைக்கு அனுப்பியிருந்தேன். கடை வாசலில் நானும் அவளும்தான். தப்பிக்க அவளுக்குப் படி இல்லை.

"படம் பிடிக்கலையா?" என்று கேட்டேன்.

"பிடிச்சிருக்கு ஆன்ட்டி." குரல் தாழ்ந்தது. "வார்த்தைய சச்சீ, நெஜமாவே அவருதான் சொன்னாரா? நீங்க இல்லையா?"

"அவன்தான் சொன்னான்."

அவள் முகத்தில் கோபமா சிரிப்பா என்று தெரியாத ஒன்று வந்தது. "அப்போ அவருக்கு வாய் இல்லையா ஆன்ட்டி? போன்ல ஒரு வார்த்தையப் போட்டு அனுப்பிட்டா, பஸ், அவ்ளோதானா, நான் பதில் சொல்லணுமா? முழங்கால் போட்டுல்லாம் கேக்க வேண்டாம். பக்கத்துல வந்து கேக்கலாம்ல?"

"எதை?"

"எதையா? இதை!" போனை என் முன்னால் நீட்டினாள். சிவப்பு மணல்மேடு, சாய்ந்த பனை, உச்சியில் வெள்ளை எழுத்து, கேமரா ஓட்டை அச்சாக அதன் இடத்தில். எழுத்து எழுத்தாக விரல் வைத்து வாசித்தாள். "ம. ண. ம். மணம். சர்ச்சுல திருமண அறிவிப்பு வாசிக்கிறாங்கல்ல, மணமகன், மணமகள். எனக்குத் தெரியாதா? அம்மாக்குக்கூடக் காட்டல நான். போனைக் கவுத்தே வச்சிருக்கேன்."

எனக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று. இந்தி எழுத்தின் தலையில் ஒரு புள்ளி வைத்தால் ஓர் ஒலி கூடும். எழுத்தோடு 'ம்' என்று மூக்கொலி சேரும். தமிழ் எழுத்தின் தலையில் புள்ளி வைத்தால் ஓர் ஒலி குறையும். 'ண' தன் அகரத்தை இழந்து 'ண்' ஆகும். அவள் பள்ளியில் படித்ததெல்லாம் அந்தப் புள்ளி. தமிழ் எழுத்துகளைச் செயலி கற்றுக்கொடுத்துவிட்டது; புள்ளியை மட்டும் அவள் பழைய இடத்திலிருந்தே கொண்டுவந்துவிட்டாள். மண் அவளுக்கு மணம் ஆகிவிட்டது.

அடுத்தவர் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையில்கூடக் கிழமை தப்பாக இருந்தால் போன் செய்து சொல்கிறவள் நான். அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. இந்தத் தவற்றைத் திருத்த எனக்கு உரிமை இல்லை என்று தோன்றியது. ஆனால் எனக்குப் பின்னாலேயே ஒருவன் கறிவேப்பிலைக் கட்டோடு நின்றிருந்தான்.

"ஐயோ, அது மண்ணுங்க!"

இருவரும் திரும்பினோம்.

"என்னது?" என்றாள்.

"மண்ணு. எங்க ஊருத் தேரி மண்ணு. மேல புள்ளி இருக்குல்லா, அதனால மண்." நேர்மையான பையன். கோப்பில் பிழை கண்டால் திருத்தாமல் கையெழுத்துப் போடமாட்டான்.

"மண்ணுன்னா? மிட்டீ?"

"ஆமா. மிட்டீ."

அவள் போனைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், மறுபடி போனைப் பார்த்தாள். காது நுனி சிவந்துவிட்டது. "நான் ஒரு வாரமா மிட்டீக்காகவா தூங்கல?"

பக்கத்தில் தேங்காய் பொறுக்கிக்கொண்டிருந்த ஓர் அம்மாள் கையை நிறுத்திவிட்டுக் கவனித்தார். பையன் கறிவேப்பிலையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினான். மூன்று மேசைத் திட்டம் முதல் மேசையிலேயே உட்கார்ந்துவிட்டது. அவள் பையைத் தூக்கித் தோளில் மாட்டினாள். போய்விடுவாள் என்று நினைத்தேன். நானே கேட்டுவிட்டேன்.

"நீ என்ன பதில் சொல்றதா இருந்தம்மா?"

"இப்ப எதுக்கு ஆன்ட்டி? மிட்டீக்குப் பதில் வேணுமா?"

அப்போது அவன் பேசினான். அவளைப் பார்த்து அல்ல. என்னைப் பார்த்து, செக்‌ஷனில் பேசுகிற அதே குரலில்.

"மேடம், அந்தப் படத்துல இன்னொரு 'ம' போட இடம் இருக்குமா?"

நான் யோசித்தேன். உண்மையாகவே அளவைத்தான் யோசித்தேன். "எழுத்தைச் சின்னதாக்கி இடப்பக்கம் தள்ளினா மூணாவது எழுத்து ஓட்டைக்கு அடியில வரும். பனைமரத்துக்கும் இடிக்காது. ஆனா போன் உன்னோடது இல்ல. போனுக்குச் சொந்தக்காரியக் கேளு."

அவன் திரும்பினான். தொண்டையைச் செருமினான். பாட்டு தொடங்குமுன் சுருதி பிடிப்பவன்போல ஒரு மூச்சு எடுத்தான்.

"போடலாமாங்க?"

அவள் திரையை அணைத்தாள், திரும்ப ஏற்றினாள். "எந்தப் புள்ளி? இந்திப் புள்ளியா, தமிழ்ப் புள்ளியா?"

"தமிழ்ப் புள்ளி."

"வாசிச்சா என்ன வரும்?"

"நீங்க ஏற்கெனவே வாசிச்சது வரும்."

"அச்சா," என்றாள். "அப்போ போடுங்க. ஜல்தி போடுங்க. இந்தத் தடவ அர்த்தம் மாறிச்சு, நான் போனையே மாத்திடுவேன்."

தேங்காய் அம்மாள், தேங்காயை மறந்துவிட்டு எங்களைப் பார்த்துத் தலையாட்டிச் சிரித்தார். அந்த நேரம் அவள் அம்மா மீன் பையோடு வந்து சேர்ந்தார். எங்கள் மூவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்ன பிள்ளே, மூணு பேரும் இப்படி நிக்குதிய? நெய்மீன் கிடைச்சாச்சு. போவம்."

மகள் இந்தியும் தமிழுமாகத் தொடங்கினாள். மண், மிட்டீ, மணம், புள்ளி, கேமரா என்று எல்லாம் வந்தன, வரிசை மட்டும் இல்லை. அம்மா நடுவிலேயே கையைக் காட்டி நிறுத்தினார்.

"போதும் மக்ளே. கேமரா விஷயம் எனக்கு மனசிலாகல்ல. மற்றது மனசிலாச்சு. இவன் கோயில்ல பாட்டுப் புத்தகத்தத் தலைகீழாப் பிடிச்சுக்கிட்டு உன்னப் பாத்துப் பாடுனான் பாரு, அன்னைக்கே எனக்குத் தெரியும்." பிறகு அவனிடம் திரும்பினார். "இவ அப்பாட்ட நான் பேசிக்கிடுவேன். உங்க வீட்டுல சொல்லியாச்சா?"

"இல்ல ஆன்ட்டி. லீவுல போயி..."

"லீவு வரைக்கும் என்னத்துக்கு? உடன்குடியில ஒரு பிள்ளையப் பாக்கப் போறதாட்டு உங்க ஊருக்காரங்க கோயில்ல பேசிக்கிட்டாவ. அந்தப் பிள்ள வீட்டுல மாவு இடிச்சு வச்சிருப்பாவல்லா? இப்பமே விளிச்சுச் சொல்லு. நல்ல பிள்ளைக்கு ஆசை காட்டப்பிடாது."

அதில் இருந்த நியாயம் எங்கள் யாருக்கும் அதுவரை தோன்றவில்லை. அவன் போனை எடுத்தான். மார்க்கெட் இரைச்சலில் காது கேட்காமல் ஸ்பீக்கரில் போட்டான். மளிகைக் கடைக்காரர் எங்களுக்காக ஒரு மூட்டையை நகர்த்தி இடம் விட்டார்.

அப்பாவின் குரல் மார்க்கெட்டையும் மீறி வந்தது. "என்னய்யா, டிக்கெட் எடுத்தாச்சா?"

"எடுத்துட்டேன்ப்பா. அந்த உடன்குடி வீட்டுல வரலன்னு சொல்லிருங்கப்பா."

"ஏம்ல?"

அவன் எங்களைப் பார்த்தான். ஒருவரும் உதவவில்லை. "இங்க ஒரு பிள்ள இருக்குப்பா. நம்ம கோயில்தான். நர்ஸ். நாகர்கோவில் பக்கம். நான் கேட்டுட்டேன். அவங்களும் சரின்னுட்டாங்க."

எதிர்முனையில் பின்னால் ஒரு பெண்குரல் என்ன என்ன என்று கேட்பது மட்டும் கேட்டது. 

"நீயாலே கேட்ட?" என்றார் அப்பா கடைசியில்.

"ஆமாப்பா."

"வாயத் தொறந்தா?"

"ஆமாப்பா."

"ஏட்டி, இங்க வா, ஒன் மவன் வாயத் தொறந்துட்டானாம்!" என்று அந்தப் பக்கம் யாரையோ கூப்பிடுவது கேட்டது. அவள் அம்மா மீன் பையை இறக்கிவைத்துவிட்டு முந்தானையால் சிரிப்பை மூடிக்கொண்டார். அப்பா திரும்ப வந்தார். "உடன்குடிக்கு நான் போயி பதமாச் சொல்லிக்கிடுதேன், அத விடு. பிள்ள டெல்லியிலயே பொறந்ததா? தமிழ் தெரியுமால?"

"நல்லாப் பேசும்ப்பா. வாசிக்கிறதுதான் கொஞ்சம் தப்பா வாசிக்கும்."

அவள் அவன் கையிலிருந்து போனை வாங்கி வாய்க்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டாள்.

"இல்ல அங்கிள், நான் சரியாத்தான் வாசிச்சேன். இவருதான் தப்பா எழுதிட்டாரு."